பேய்ப்படத் திரைக்கதையில் பிளாஷ்பேக் தேவையா?

கொருக்குப்பேட்டையான்:
நான் எழுதிவரும் பேய்ப்படத் திரைக்கதை, எங்கள் பகுதியில் எட்டுக் குடித்தனங்கள் உள்ள ஒரு லைன் வீட்டில் நடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் மருமகள் ஒருத்தி, ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டுப் பதறி ஓடி வந்து பார்க்கும்போது, வாசலில் கவிழ்த்து வைத்திருந்த ஐந்து பிளாஸ்டிக் குடங்களும் நிமிர்த்தப்பட்டு விளிம்பு வரை நிறைந்திருக்கின்றன. மறுநாளும் அப்படியே. வேலை மிச்சமானதால் அவள் யாரிடமும் கேட்கவில்லை. நிரப்புவது யார் என்பதைக் கடைசி வரை சொல்லக் கூடாது என்பது என் கட்சி. காரணம் தெரிந்த நொடியில் பயம் போய்விடும்.

காசிமேடு உதவி இயக்குநர்:
நண்பரே, குடம் நிறையும் காட்சி அருமை, அதை மாற்றாதீர்கள். ஆனால் இதை வைத்து இடைவேளை வரைதான் ஓட்ட முடியும். நம் ஊர்ப் பேய் வெறுமனே மிரட்ட வருவதில்லை, ஒரு வழக்கோடு வருகிறது. அந்தப் பேய்க்கு உயிரோடு இருந்தபோது என்ன அநியாயம் நடந்தது என்று சொல்லாமல் விட்டால், பார்ப்பவருக்கு அதன்மேல் பச்சாதாபம் வராது. பச்சாதாபம் இல்லாத பயம் தியேட்டர் வாசலோடு முடிந்துவிடும். பிளாஷ்பேக் இல்லாத ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை, நான் டிஸ்கஷனுக்கே எடுத்துச் செல்ல மாட்டேன்.

கொருக்குப்பேட்டையான்:
1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் நெடுநேரம் சுறா கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் தண்ணீரைப் பார்த்தாலே நடுங்கினார்களே?

காசிமேடு உதவி இயக்குநர்:
அந்த உதாரணம் உங்களுக்கு உதவாது. கடலின் உப்புநீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால்தான் அதைக் குறைவாகக் காட்ட நேர்ந்தது. மேலும், தண்ணீருக்குள் இருப்பது சுறா என்று பார்ப்பவருக்குத் தெரியும். உருவத்தை மறைப்பது வேறு, காரணத்தை மறைப்பது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள்.

வண்ணை வாசகி:
பேயாக வந்து கணவனைப் பழிவாங்கிய பழையனூர் நீலியின் கதையை இருவரும் மறந்துவிட்டீர்கள். அந்தப் பழையனூரை அடுத்த திருவாலங்காடு நம் சென்னையிலிருந்து அரக்கோணம் ரயிலில் போகிற தூரம்தான். கணவனே அவளைக் கொன்றான் என்பது அக்கதையில் முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர்” என்று அவள் ஊர்ச்சபையில் அழும்போது, அவள் பேய் என்பது நமக்கும் அவனுக்கும் தெரியும். அந்தச் சபையில் இருக்கும் எழுபது வேளாளர்களுக்குத் தெரியாது. குழந்தை அவனை “அப்பா” என்று அழைக்கிறது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, அவர்களே அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம், வாக்குத் தவறியதற்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இங்கே நம்மை நடுங்க வைப்பது ரகசியம் இல்லை. நமக்குத் தெரிந்ததை அந்தப் பெரியவர்களிடம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அந்தத் தவிப்புதான். ஆகவே உதவி இயக்குநர் ஐயா, காரணம் வேண்டும் என்பதில் நீங்கள் சரி. ஆனால் அதை இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிட பிளாஷ்பேக்காக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் பயம் ஆறிப்போய்விடும்.

காசிமேடு உதவி இயக்குநர்:
அம்மா, முன்னாலேயே சொல்லிவிட்டால் இடைவேளைக்கு என்ன திருப்பம் வைப்பது? தயாரிப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான். இதில் நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை.

கொருக்குப்பேட்டையான்:
சகோதரி சொன்னதை வைத்து நேற்றிரவு முதல் காட்சியை மாற்றி எழுதினேன். அடிபம்படித் தகராறில் மாமியார் பிடித்துத் தள்ளியதில், மூத்த மருமகள் தலையில் அடிபட்டு இறக்கிறாள். வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இளைய மருமகள் அதற்குப் பிறகு வாழ வந்தவள், அவளுக்கு எதுவும் தெரியாது. இனி, குடங்கள் நிறைந்திருக்கும் காலையில் அவள் நேராக மாமியாரிடம் போய், “எனக்காக நீங்களா அத்தை எழுந்து தண்ணீர் பிடித்தீர்கள்?” என்று கேட்கிறாள். மாமியார் குடங்களையே பார்த்துக்கொண்டு, “ஆமாம்” என்கிறாள். உதவி இயக்குநர் ஐயா கேட்ட இடைவேளையை அந்த “ஆமாம்” மேல் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.