புதிய நிரலகத்தின் இடைமுகத்தை எப்போது நிலைநிறுத்துவது?

கேள்வி:
வணக்கம். தேதி, நேரக் கணக்கீட்டுக்காக நான் எழுதிய திறந்த மூல நிரலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) நெடுநாளாக 0.9 பதிப்பிலேயே நிற்கிறது. இடைமுகம், அதாவது பிற நிரல்கள் இதை அழைக்கும் பெயர்களும் முறைகளும், நிலையானது என்று உறுதியளிக்கும் 1.0 பதிப்பாக அறிவித்துவிட்டால், பொருத்தமற்ற செயற்கூற்றுப் பெயர்களையும் அரைகுறையான நேர மண்டலப் பகுதியையும் தொடர்ந்து சுமக்க நேருமே என்று அஞ்சுகிறேன். அறிவிக்காவிட்டாலோ பயன்படுத்த வருவோர் தயங்குகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

மறுமொழி:
பதிப்பு எண்களை இடும் முறையை வகுக்கும் செமான்டிக் வெர்ஷனிங் ஆவணத்தின் விதிப்படி, 0 எனத் தொடங்கும் பதிப்புகளில் எதுவும் எப்போதும் மாறலாம். ஆயினும், மென்பொருள் உண்மையான பணியில் ஓடிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே 1.0.0 ஆகியிருக்க வேண்டும் என்றே அதே ஆவணம் கருதுகிறது. பிறருடைய நிரல் உங்களுடையதை நம்பத் தொடங்கிய நாளிலேயே பொறுப்பும் வந்துவிட்டது.

மறுமொழி:
பயனர்களின் எண்ணிக்கையைவிட அவர்களுடைய தேவைகளின் வகையையே நான் பார்ப்பேன். உங்களுக்கு அறிமுகமில்லாத சிலர் வெவ்வேறு பணிகளுக்கு இதைப் பயன்படுத்தியும், அடுத்தடுத்த வெளியீடுகளில் பழைய பயன்பாடுகள் முறியும்படி இடைமுகத்தை மாற்றும் தேவை எழவில்லையெனில், அது முதிர்ந்துவிட்டது எனலாம். அனைத்தையும் ஒரேயடியாக உறுதிசெய்ய வேண்டியதுமில்லை: ரஸ்ட் நிரல்மொழி 2015 மே மாதம் 1.0 வெளியிட்டபோது, முதிராத வசதிகளை நைட்லி எனப்படும் அன்றாடச் சோதனைப் பதிப்பில் மட்டுமே அனுமதித்தது. நேர மண்டலப் பகுதியை நீங்களும் சோதனை நிலையில் தனித் தொகுதியாகப் பிரித்து வைக்கலாம்.

கேட்டவரின் மறுமொழி:
மிக்க நன்றி. பெயர்களை இப்போதே திருத்தி, பழையவற்றை எச்சரிக்கைச் செய்தியுடன் ஒரு வெளியீடு வரை வைத்திருந்து, அதன்பின் 1.0 அறிவிக்கிறேன், நேர மண்டலம் தனியே காத்திருக்கட்டும்.