புதுப்பிப்பு: குழந்தைகளோடு ஊட்டி ரயில், போய் வந்தாச்சு

6 வயதுப் பெண்ணையும் 2 வயதுப் பையனையும் சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் கூட்டிப்போய், மறுநாளே மலை ரயிலில் ஏற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது, ஆனால் நினைத்தபடி இல்லை.

இரவுக்குத் தூளி கட்டச் சொன்னவருக்குக் கோடி நன்றி. அம்மாவின் பழைய நூல்புடவையை எதிரெதிர் மேல் படுக்கைகளுக்குக் குறுக்கே கட்டி, நான் தொங்கிப் பார்த்த பிறகே சின்னவனைப் போட்டேன். ஈரோடு வந்ததுகூட அவனுக்குத் தெரியாது. 5 வயதுக்குக் கீழ் என்பதால் அவனுக்கு டிக்கெட்டும் இல்லை, படுக்கையும் இல்லை, தூளிதான் படுக்கை!

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான், ஆனால் 5 மணி நேரம் ஆகும். முதல் சுரங்கத்தில் கூச்சல், ஐந்தாவதில் கொட்டாவி. மொத்தம் பதினாறு! ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறக்கி ஓடவிட்டேன், அதில்தான் பிழைத்தோம்.

பொடி தடவிய இட்லி சரியாக வேலை செய்தது. ஆரஞ்சு மிட்டாய் பெரிய தப்பு. குன்னூருக்கு முன்பே பெரியவள் என் மடியில் வாந்தி. எனக்கு மாற்றுடை எடுத்து வைக்கவே தோன்றவில்லை.

திரும்பும்போது குன்னூர் வரை மட்டும் ரயில், அப்புறம் பஸ்.