புதுப்பிப்பு: சரியான விடைக்கும் இணையத் தேர்வு சுழியம் போட்டது - தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன வாரம் கேட்டது இதுதான்: உயர்நிலை 2 பிள்ளைகளுக்கு வைத்த இணையத் தேர்வில் "கொன்றை" என்று பிழையில்லாமல் எழுதியவர்களுக்கும் தானியங்கித் திருத்தம் தவறு என்று போட்டது.

இடைவெளியை நீக்கச் சொன்னார்கள், பார்த்தேன், அது இல்லை. யூனிகோடை, அதாவது கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் குறியீட்டை, சோதிக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. விரிதாளில் இரண்டு "கொன்றை"யையும் ஒட்டி, எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் (LEN) சூத்திரம் போட்டால் பிள்ளைகளுடையது 6, என் விடைக்குறிப்பில் இருந்தது 7! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலிருந்து நான் வெட்டி ஒட்டியதில், 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்திருக்கின்றன. பிள்ளைகளின் விசைப்பலகை அதை ஒரே குறியாகப் போடுகிறது. ஆக, தப்பு என்னுடையது. கொ, கோ, கௌ வரும் விடைகளையெல்லாம் கையால் மறுபடி தட்டினேன், அப்புறம் ஈசூனிலிருந்து வீடு போகும் எம்ஆர்டி ரயிலிலேயே கைபேசியில் சோதித்தேன், முழு மதிப்பெண்.

எதிர்பாராதது ஒன்று. "ஔவையார்" என்ற விடைக்குப் பாதிப் பேர் ஒ போட்டு பக்கத்தில் ள போட்டிருந்தார்கள். இது வேறு கதை, மறுபடி தட்டினாலும் தீராது. அந்த வடிவத்தையும் ஏற்கும் விடையாகச் சேர்த்துவிட்டேன், எழுத்துப் பிழையை வகுப்பில் பேசிக்கொள்ளலாம். முன்பே அனுப்பிய தாள்களுக்கு மதிப்பெண்ணைக் கையால்தான் மாற்றினேன், 31 பேர், ஒரு மணி நேரம் போனது.