1975 லைசியம் கச்சேரி: அந்த இரவில் மாறியது என்ன?

செம்பூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியும் அவருடைய வெய்லர்ஸ் குழுவினரும் 1975 ஜூலை 17, 18 ஆகிய இரு இரவுகளில் லண்டன் லைசியம் அரங்கில் நிகழ்த்திய கச்சேரியைப் பற்றி, இங்குள்ள மூத்த ரசிகர்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவ்வாண்டின் இறுதியில் ‘லைவ்!’ என்ற பெயரில் வந்த இசைத்தட்டின் ஏழு பாடல்களையும் அவற்றின் ஸ்டுடியோ வடிவங்களோடு அடுத்தடுத்துக் கேட்டேன். ‘நோ வுமன் நோ க்ரை’ பாடலில்தான் வேறுபாடு மலைக்க வைக்கிறது. 1974இல் வந்த ‘நாட்டி டிரெட்’ தொகுப்பில் சுமார் நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் அப்பாடல், லைசியத்தில் ஏழு நிமிடம் ஒலித்தும் போதவில்லை என்றே மனம் சொல்கிறது. சொற்கள் அவையே, குரலும் அதுவே. பிறகு மாறியது என்ன?

மாட்டுங்கா ரசிகர்:
முதலில் மாறியது தாளம். ஸ்டுடியோப் பதிவில் ஒலிப்பது தாள இயந்திரம். லைசியத்தில் டிரம்ஸில் அமர்ந்திருந்தவர் கார்ல்டன் பாரெட், பேஸ் கிதாரில் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட். ரெகேயில் ‘ஒன் டிராப்’ என்று சொல்லப்படும் வாசிப்பில், நான்கு எண்ணிக்கையின் முதல் அடியை டிரம்ஸ் வெறுமனே விட்டுவிட, மூன்றாவதில்தான் முழு அழுத்தமும் விழும். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தட்டிப் பழகிய நம் கைக்கு இது தொடக்கத்தில் பிடிபடாது. கார்ல்டனைக் கேட்கும்போது, அந்த வெற்றிடத்தை அவர் எவ்வளவு நிதானமாகக் காக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதோடு லைசியத்தில் காலப்பிரமாணத்தையும், அதாவது பாட்டின் வேகத்தையும், தாழ்த்திக்கொண்டதால், ஆல் ஆண்டர்சனின் கிதார் அவசரமில்லாமல் விரிந்து பாட இடம் கிடைத்தது.

தாராவித் தாளம்:
மாட்டுங்கா நண்பர் சொன்னது சரியே. ஆனால் கூட்டத்தை விட்டுவிட்டாரே என்பது என் குறை. துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமா வழியாக அந்த இசைத்தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. முதல் பக்கம் நான்கு பாடல்களோடு முடியும். தட்டைத் திருப்பி ஊசியை வைத்தால், இரண்டாம் பக்கத்தில் எடுத்த எடுப்பில் ஆர்கன் எழும். மார்லி முதல் அடியை எடுப்பதற்கு முன்னரே அரங்கம் பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறது! அது ஒரு வானொலி வெற்றிப் பாடல் அல்ல, பிரிட்டனில் அது வெற்றி பெற்றதே இந்த மேடைப் பதிவு தனித்தட்டாக வந்த பிறகுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், வந்திருந்தவர்கள் அந்தத் தொகுப்பை எவ்வளவு நெருக்கமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது விளங்கும். ஜமைக்காத் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழை மக்கள் வாழும் டிரெஞ்ச்டவுன் பகுதியில், பொது முற்றத்தைச் சுற்றிய அரசுக் குடியிருப்பில், இரவில் விறகடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துண்ட நாட்களைத்தான் பாடல் நினைவுகூர்கிறது. அங்கே பசித்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட வின்சென்ட் ஃபோர்டின் பெயரே பாடலாசிரியராகப் பதிவாகியிருக்கிறது. ஒரே குழாயடியில் வரிசை நின்று வளர்ந்த எங்களுக்கு அந்த முற்றத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமா அந்தப் பாடலின்போது யாரையும் பேச விடமாட்டார்.

சயான் வாசகர்:
பாராட்டை ஒரு பாடலோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் குழுவை விட்டு விலகிய பின், மார்லி தம் பெயரை முன்னிறுத்தித் தனித்து நிற்க முடியுமா என்ற ஐயம் இருந்த காலம் அது. மார்லி எழுதிய ‘ஐ ஷாட் தி ஷெரிஃப்’ பாடலை ஆங்கிலேயக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1974இல் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார். லைசியத்தில் மார்லி அதைப் பாடும்போது, தன் பொருளைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமைக் குரல் கேட்கிறது. என் காதுக்கு அந்தக் கச்சேரியின் உச்சம் அதுவே.

செம்பூர்வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது அடியை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இப்போது மறுபடி கேட்டேன். பாட்டின் நடை முழுவதும் வேறாகத் தெரிகிறது. மும்பை காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற இசைத்தட்டுக் கடை 2016இல் மூடப்பட்ட பிறகு, இத்தகைய தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க எனக்கு இடமில்லாமல் போயிற்று. எந்தப் பதிப்பைத் தேடுவது நல்லது?

மாட்டுங்கா ரசிகர்:
ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டுதான் அந்தக் கச்சேரி பதிவானது; ஆகவே பழைய தட்டிலேயே ஒலி தெளிவாக இருக்கும். எனினும் இரண்டு இரவுகளையும் முழுமையாகச் சேர்த்துப் பின்னாளில் ஒரு விரிவான பதிப்பு வந்திருக்கிறது, அதைத் தேடுங்கள். ஏழு பாடல்களை நன்கு பழகிய பிறகே அதற்குள் செல்லுங்கள். முதல் இரவின் ‘நோ வுமன் நோ க்ரை’யையும் இரண்டாம் இரவினதையும் ஒப்பிட்டுக் கேட்டு, உங்களுக்குத் தோன்றுவதை இங்கேயே எழுதுங்கள்.