ஐபியா, ஏ லெவலா? பத்தாவது முடிக்கும் பெண்ணுக்கு எது சரி?

கொலுசுப்பட்டறை:
பெண் ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கி ஐசிஎஸ்இ பத்தாவது படிக்கிறாள். பதினொன்றாவதுக்கு வெளியூரில் இரண்டு பள்ளி பார்த்து வைத்திருக்கிறோம், ஒன்றில் ஐபி டிப்ளமா, இன்னொன்றில் கேம்பிரிட்ஜ் ஏ லெவல், இரண்டும் பிளஸ் டூவுக்குப் பதிலாகப் படிக்கிற வெளிநாட்டுப் பாடத்திட்டமாம். வீட்டில் இரண்டுமே வேண்டாம், சேலத்திலேயே ஸ்டேட் போர்டில் போட்டால் பிள்ளை வீட்டுச் சோறாவது சாப்பிடுவாள் என்கிறார்கள். நான் செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறவன், பிளஸ் டூவோடு நிறுத்தியவன். பள்ளிகளில் கொடுத்த புத்தகம் பளபளவென்று இருக்கிறதே தவிர ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் அத்தை:
என் அண்ணன் மகள் ஐபி முடித்தாள். ஆறு பாடம், அதில் மூன்று ஹையர் லெவல், அதாவது கூடுதல் ஆழமாகப் படிக்க வேண்டும். அது போதாதென்று 4000 வார்த்தையில் ஒரு ஆய்வுக் கட்டுரை, டிஓகே என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்க வைக்கும் ஒரு பாடம், அப்புறம் விளையாட்டு, கலை, சேவை என்று 18 மாதம் எதையாவது செய்து குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது திருமணிமுத்தாற்றுத் தண்ணீர். அணைமேட்டில் பிடித்த பாட்டில்களைத் தேதி ஒட்டி ஃபிரிட்ஜில் அடுக்கியிருந்தாள், எங்கள் அம்மா புளித்தண்ணீர் என்று நினைத்து ரசத்துக்கு எடுக்கப் போய்விட்டார்! தோண்டித் துருவி எழுதப் பிடித்த பிள்ளைக்கு ஐபி சரி. கணக்கைப் போட்டோமா எழுந்தோமா என்கிற பிள்ளைக்கு ரோதனைதான்.

ஓமலூர் ரோடு:
எல்லாம் சரி, பெண் அதற்கப்புறம் எங்கே படிக்கப் போகிறாள்? அதைச் சொல்லவே இல்லையே. அண்ணா பல்கலைக்கழகக் கட்ஆஃப் என்பது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200, அவ்வளவுதான், டிஓகேவுக்கு அங்கே அரை மார்க்கும் கிடையாது. நீட் என்றாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மே மாதம் எழுதும் ஐபிக்கு முடிவு ஜூலையில்தான் வரும், நம்மூர்ப் பிள்ளைகள் அதற்குள் மார்க்ஷீட்டோடு விண்ணப்பமே போட்டிருப்பார்கள். வெளிநாடு போகிற யோசனை இல்லையென்றால் உங்கள் வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள்.

நாலு ரோடு:
என் பையன் ஏ லெவல். இந்தியாவில் அதற்கு மார்ச்சில் ஒரு தேர்வு உண்டு, முடிவு மே மாதம் வந்துவிடும், அந்தத் தலைவலி இல்லை. மூன்று நான்கு பாடம்தான், ஆனால் ஒவ்வொன்றும் நம்மூர் போர்வெல் மாதிரி, இறக்க இறக்க ஆழம் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றில் சறுக்கினால் தூக்கிவிட வேறு பாடமும் இல்லை. ஜேஇஇ எண்ணம் இருந்தால் பன்னிரண்டாவதில் ஐந்து பாடம் கேட்பார்கள், அதற்கு என்ன வழி என்று பணம் கட்டும் முன்பே பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கட்டிவிட்டுக் கேட்டோம்.

கொலுசுப்பட்டறை:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரும்போது அவளிடமே கேட்டேன். கொண்டை ஊசி வளைவு இருபது, பாதி மலை இறங்கும் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், "எதில் பிசிக்ஸ் இல்லையோ அதில் சேர்த்துவிடுங்கப்பா" என்றாள். ஓமலூர் ரோடு அண்ணா, அந்த 200 கணக்கை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? பிசிக்ஸ் இல்லாமல் உயிரியல், வேதியியல் மட்டும் எடுத்தவர்கள் என்ன படித்தார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.