பை ஆர்ட் பண்றவங்கள நேர்ல பாத்திருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

#1

பைன்னா (pie) மாவு ஓட்டுக்குள்ள ஃபில்லிங் வெச்சு அவன்ல (oven) சுடுற பலகாரம். அது மேல மாவாலேயே பூ, இலை, பின்னல், முகம்னு செஞ்சு வைக்கிற ஆர்ட்டிஸ்ட்டுகள பாத்தவங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க, ஆர்டர் குடுத்தவங்க, இதையே தொழிலா பண்றவங்க யாரா இருந்தாலும் இங்க எழுதுங்க ப்ளீஸ். இன்ஸ்டாகிராம்ல போட்டோ பாத்து நான் நெனச்சிருந்த வேலை வேற, பக்கத்துல நின்னு பாத்தப்ப தெரிஞ்ச வேலை வேற, அதனாலதான் கேக்குறேன்.

நான் போனது ஒரு பை ஆர்ட்டிஸ்ட் நடத்தின ஒர்க்‌ஷாப். போன உடனே கத்திய குடுத்து இலை வெட்டச் சொல்லுவாங்கன்னு பாத்தா காலைல முழுக்க அவங்க பேசுனது சூட்டப் பத்தி மட்டும்தான். வெண்ணெய் 32, 35 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், நம்ம உள்ளங்கை சூடே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும், அதனால மாவ கைல வெச்சு யோசிச்சிட்டு நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் டிசைன் கெட்டுக்கிட்டே இருக்குன்னாங்க. அவங்க வேலை செய்றத பாக்கணுமே, ஒரு ட்ரே ஃப்ரிட்ஜுக்குள்ள போகுது, இன்னொரு ட்ரே வெளிய வருது, கொஞ்சம் செதுக்குவாங்க, மாவு லேசா பளபளன்னு ஆகுறது கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே திரும்ப உள்ள வெச்சிடுவாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா ஒரே பைக்கு ரெண்டு விதமா மாவு பண்றாங்க. சாதாரண வெண்ணெய்ல சுமார் 80 சதவீதம் கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் தண்ணி. அவன்ல அந்தத் தண்ணி ஆவியாகி மாவ அடுக்கு அடுக்கா தூக்குது, பை மொறுமொறுன்னு உதிர்றதுக்கு அதுதான் காரணம். ஆனா மேல அலங்காரம் இருக்குற இடத்துல அதே ஆவி இலையோட நரம்ப தூக்கி விட்டுடும், முகம்னா மூக்கு உப்பிடும். அதனால அடியில போற மாவுல வெண்ணெய பெரிய பெரிய துண்டா விடுறாங்க, மூடிக்கு போற மாவுல மணல் பதத்துக்கு நல்லா தேய்ச்சிடுறாங்க. சாப்பிடுறவங்களுக்கு உதிரணும், பாக்குறவங்களுக்கு அசையாம நிக்கணும், ரெண்டுக்கும் பதில் அந்தத் தேய்ப்புலதான் இருக்கு.

சாயந்திரம் ஒரே பையோட ரெண்டு போட்டோ காட்டுனாங்க, அவன்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, வெளிய எடுத்ததுக்கு அப்புறம் ஒண்ணு. நெறைய பேர் முதல் போட்டோவோட நிறுத்திக்கிறாங்க, ஆனா ரெண்டாவது போட்டோதான் என் வேலைன்னு சொன்னாங்க. அன்னைலேர்ந்து எந்த பை ஆர்ட் போட்டோ பாத்தாலும் இது சுட்டதா சுடாததான்னுதான் என் கண்ணு முதல்ல தேடுது.

#2

மேல எழுதுன அக்கா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் ஒரு பை ஆர்ட்டிஸ்ட்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தேன். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு அவங்க ஓவியர், எனக்கு அவங்க ஒரு இன்ஜினியர், இத பெருமையாவே சொல்றேன்.

பின்னலுக்கான மாவுப் பட்டைய ஸ்கேல் வெச்சுத்தான் வெட்டுவோம், கண்ணளவுங்குற பேச்சுக்கே இடமில்ல. வெட்டுன பட்டைய உடனே பின்னக் கூடாது, உருட்டும்போது மாவுல இருக்குற குளூட்டன்ங்குற புரதம் ரப்பர் மாதிரி இழுபட்டு நிக்கும், அப்படியே சுட்டா சுருங்கி ஓரத்துல இருந்து விலகிடும், அதனால ஃப்ரிட்ஜ்ல ஓய்வு குடுத்துத்தான் அடுத்த வேலை. பழ ஃபில்லிங்க முன்னாடியே அடுப்புல வெச்சு, சோள மாவோ டேப்பியோகா (மரவள்ளி) ஸ்டார்ச்சோ சேத்து கெட்டியாக்கி, நல்லா ஆற வெச்சுத்தான் ஊத்துவோம். பச்சையா போட்டா அது அவன்ல கொதிச்சு பின்னல் இடுக்கு வழியா பொங்கி மேல வந்து, செஞ்ச பூ மேல கறையா நிக்கும். சூடா ஊத்தினா மூடி மாவு அப்பவே உருகிடும்.

அப்புறம் முட்டை பூசுறது. இத நெறைய பேர் கடைசி வேலைன்னு அசால்ட்டா பண்றாங்க. செதுக்குன கோட்டுக்குள்ள முட்டை தேங்கி நின்னா அந்தக் கோடே மறைஞ்சு போகும், அதனால சின்ன பிரஷ்ல மெல்லிசா ஒரு கோட்டிங் மட்டும். எங்க மஞ்சள் கரு மட்டும், எங்க முழு முட்டை, எங்க பால், எங்க ஒண்ணுமே வேண்டாம்னு இடத்துக்கு இடம் மாத்துவாங்க, ஏன்னா மஞ்சள் கரு பட்ட இடம் நல்லா அடர்ந்த பொன்னிறமா வரும், ஒண்ணும் பூசாத இடம் வெளிறி நிக்கும், ஒரு துளி கலர் இல்லாமலே நிழலும் வெளிச்சமும் கெடைச்சிடும். அந்த ஷேடிங்க அவங்க பண்ணும்போது நான் மூச்ச புடிச்சிட்டு நிப்பேன். கலர் வேணும்னு யாராவது கேட்டா பீட்ரூட் பவுடர், ஸ்பைருலினாங்குற பச்சைப் பாசிப் பொடி, சங்குப்பூன்னு மாவுலயே கலப்பாங்க, ஆனா சூட்டுல பச்சை பழுப்பாகும், சிவப்பு மங்கும், அது முன்னாடியே தெரிஞ்சு ஒரு படி தூக்கலா கலக்கணும்.

சுடுறதுக்கு முன்னாடி முழு பையையும் ஃப்ரீசர்ல கல்லு மாதிரி இறுக விட்டுட்டு, நல்ல சூட்டுல, 200 டிகிரிக்கு மேல, கொஞ்ச நேரம் வெச்சு வடிவத்த நிக்க வெச்சுட்டு அப்புறம் சூட்ட குறைப்போம். வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற மெல்லிசான இலை நுனி முதல்ல கருகும், அதுக்கு மட்டும் ஃபாயில் போட்டு மறைப்போம். முக்கியமான ஆர்டர்னா எப்பவுமே ரெண்டு மூடி தயாரா இருக்கும், நல்லா வர்றது போகும். இத வீண்னு சொல்றவங்க அவன் முன்னாடி உக்காந்து பாத்ததில்லைன்னு அர்த்தம்.

#3

நான் வாங்குன ஆள். அப்பா அம்மா கல்யாண நாளுக்கு ஆர்டர் குடுத்தோம். அவங்க கேட்ட முதல் கேள்வி என்ன டிசைன்னு இல்ல, எத்தனை மணிக்கு சாப்பிடப் போறீங்க, எவ்வளவு தூரம் கொண்டு போகணும்னுதான். ரெண்டாவது கேள்வி யார் வெட்டப் போறாங்கன்னு. அப்புறம்தான் புரிஞ்சுது, துண்டு போடுற கோட்ட மனசுல வெச்சே பூக்கள அடுக்கியிருக்காங்க, எந்தத் துண்டு யாருக்குப் போனாலும் அதுல ஒரு முழுப் பூ இருந்துச்சு. ருசியும் பிரமாதம், அதையும் சொல்லியாகணும், ஏன்னா அழகா இருந்தா ருசி இருக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கே, அது தப்பு.

#4

லண்டன் போனப்ப ஒரு பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்குற ஹோல்பார்ன் டைனிங் ரூம்ங்குற ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்டிருக்கேன், அங்க கேலம் ஃபிராங்க்ளின்னு ஒரு ஷெஃப் இருந்தார், பைய திரும்ப பெரிய மேடைக்குக் கொண்டு வந்தவர். அந்த ஹோட்டலோட பேஸ்மென்ட்ல பழைய பை அச்சு கெடைச்சிருக்கு, கிச்சன்ல யாருக்கும் அத எப்படி பயன்படுத்துறதுன்னே தெரியல, அங்கேர்ந்துதான் தேடிப் போய் கத்துக்கிட்டார்னு படிச்சேன். மேல செதுக்குன இலைகள பாத்துட்டு முள்கரண்டிய வைக்க எனக்கு மனசே வரல.

இது இன்ஸ்டாகிராம் வந்து பொறந்த கலைன்னு நெனைக்கிறவங்களுக்காக சொல்றேன். 1660-ல ராபர்ட் மே எழுதுன ஆங்கில சமையல் புத்தகத்துலயே பைக்கான வடிவங்கள் படமா இருக்கு. 18-ம் நூற்றாண்டு தொடக்கத்துல எட்வர்ட் கிட்டர்னு ஒருத்தர் லண்டன்ல பேஸ்ட்ரி பள்ளிக்கூடமே நடத்தினார். அதாவது இத சொல்லிக் குடுத்துப் பொழைக்கிறதும் ரொம்பப் பழைய தொழில்தான்.

இன்னைக்கு பேர் வாங்குனவங்கள பாத்தா எனக்கு ஒண்ணு தோணுது, அவங்கள்ல பல பேர் பேக்கரியிலிருந்து வந்தவங்க இல்ல. சியாட்டில்ல இருக்குற லாரன் கோ தானா கத்துக்கிட்டவங்க, 2017-ல இன்ஸ்டாகிராம் கணக்கு ஆரம்பிச்சு 2020-ல புத்தகமே போட்டாங்க, வடிவியல் கோடுகள்தான் அவங்க அடையாளம். ஜெர்மனியில இருக்குற கரின் ஃபைஃப்-போஷெக் அதுக்கு முன்னாடி துணிக் கலையில இருந்தவங்க, அவங்க பின்னல பாத்தாலே அது தெரியும். முன்னாடி செஞ்ச வேலையோட கை பழக்கம் மாவுல வந்து நிக்குது, அதனாலதான் ஒருத்தரோட பை இன்னொருத்தரோடது மாதிரி இருக்கறதில்ல.

#5

நான் இதையே தொழிலா பண்றேன். எல்லாரும் நேர்ல கேக்கத் தயங்குற விஷயத்த நானே சொல்லிடுறேன், பணம் எங்கேர்ந்து வருது?

பை வித்து வர்றது என் வருமானத்துல சின்னப் பங்குதான். விரிவான டிசைன் ஒண்ணு மாவு பிசையுறதுல ஆரம்பிச்சு ஆறி வர்ற வரைக்கும் ரெண்டு நாள் இழுக்கும், அந்த நேரத்துக்கு நியாயமான கூலிய விலையில ஏத்தினா வாங்குறவங்க கடையில அடுக்கி வெச்சிருக்குற பையோட ஒப்பிட்டுப் பாக்குறாங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது, அவங்க கண்ணுக்கு ரெண்டும் பைதானே. கேக்னா ஃபாண்டன்ட்ங்குற சர்க்கரைப் பிசைவுல பூவ முன்கூட்டியே செஞ்சு காய வெச்சு எடுத்து வைக்கலாம், பைல அலங்காரமும் சேந்து வேகணும், அதனால வேலைய பிரிச்சு அவசரமா நெறைய பண்றதுக்கு வழி கம்மி. கூட நாலு பேர வெச்சு பெருசாக்கலாம்னு யோசனை சொல்றவங்களுக்கு என் பதில், அப்ப அது என் கை இல்ல.

என்னைத் தாங்குறது வகுப்புகள், ஆன்லைன்லயும் நேர்லயும். அப்புறம் மாவு, கத்தி, அச்சு, அவன் செய்யுற கம்பெனிகளுக்கு வீடியோ, பத்திரிகைக்கு ரெசிபியும் போட்டோவும். அதனால பாதி நாள் நான் போட்டோகிராஃபர், மீதி நாள் மெயிலுக்கு பதில் எழுதுற ஆள். ஆசையோட வர்றவங்க இத முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு மனசார விரும்புறேன், ஏன்னா மாவு மட்டும் தெரிஞ்சா போதும்னு வந்து ஒடஞ்சு போன நல்ல திறமைசாலிகள பாத்திருக்கேன், அவங்கள்ல சில பேர் என்னைவிட நல்லா செதுக்குறவங்க.

டிசைன் திருட்டும் இருக்கு. என் பையோட போட்டோவ எடுத்து தன்னோடதுன்னு ஒரு பக்கம் போட்டு பெரிய அளவுல பரவிச்சு, என் பேர் எங்கயும் இல்ல. அதுல பணத்தவிட வலிச்சது, அது சுட்டதுக்கு அப்புறம் எடுத்த போட்டோ.

இத்தனைக்கும் ஏன் விடலன்னா, அவன் கதவத் தொறக்குற அந்த நேரம்தான். எத்தனை வருஷம் ஆனாலும் உள்ள என்ன இருக்கும்னு முழுசா சொல்ல முடியாது, நான் வரைஞ்சத சூடு தன் பங்குக்கு மாத்தியிருக்கும், சில சமயம் நான் நெனச்சதவிட நல்லா.

#1

அக்கா, படிச்சிட்டு மனசு நெறைஞ்சு போச்சு, இவ்வளவு வெளிப்படையா எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. ஒரே ஒரு கேள்வி. வெண்ணெய் இவ்வளவு படுத்துதுன்னா வேற கொழுப்பு போட்டா என்ன?

#5

போடலாம்மா. வனஸ்பதி மாதிரி ஷார்ட்டனிங் வெண்ணெயவிட அதிக சூட்டுலதான் உருகும், தண்ணியும் இல்ல, அதனால வடிவம் அழகா நிக்கும், போட்டிக்கும் கண்காட்சிக்கும் பண்றவங்க அத எடுக்குறதுல தப்பே இல்ல. ஆனா வெண்ணெயோட வாசனை அதுல வராது. நான் மூடிக்கு மட்டும் பாதிக்குப் பாதி கலக்குறேன், அடியில முழு வெண்ணெய்தான். நீங்க ஆரம்பிக்கும்போது எடையில மாவு மூணு பங்கு, கொழுப்பு ரெண்டு பங்கு, ஐஸ் தண்ணி ஒரு பங்குன்னு வெச்சு, தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துப் பாருங்க, மூடிக்கு தண்ணி எவ்வளவு குறையுதோ அவ்வளவு சுருக்கமும் குறையும். முதல்ல வெறும் இலைங்கள மட்டும் ஒரு ட்ரேல வெச்சு சுட்டுப் பாருங்க, பை அப்புறம் பண்ணிக்கலாம். சுட்ட போட்டோவ இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.