ஓட்டு ஒன்றுதான், பிரிவது எங்கே? இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் பற்றி சேலம் வாசிப்பு வட்டத்துக்கு உதவி வேண்டும்

குகை வாசகன் கேட்டது:

வணக்கமுங்க. சேலத்தில் நடக்கும் வாசிப்பு வட்டத்தில் அடுத்த அமர்வுக்கு எடுத்திருக்கும் பொருள், இஸ்ரேலுக்குள் குடியுரிமையோடு இருக்கும் அரபு மக்களும் யூதர்களும் அன்றாடம் எப்படி ஒன்றாக வாழ்கிறார்கள், எந்த இடத்தில் பாகுபாடு வருகிறது என்பது. காஸா, மேற்குக் கரை இந்த முறை கிடையாது. வருவது 25 பேர், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஒன்றரை மணி நேரம்.

சிக்கல் என்னவென்றால், ஒரு சாரார் "ஓட்டு இருக்கு, எம்.பி. இருக்காங்க, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியே இருக்கார், அப்புறம் என்ன பாகுபாடு?" என்பார்கள். இன்னொரு சாரார் "நம்ம ஊர் இரட்டைக் குவளை மாதிரிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டிலும் சிக்காமல் கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி விவரம் வேண்டும். வெறும் உரையாக வேண்டாம், பிள்ளைகள் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

---

மலைப்பாதை20 எழுதியது:

ஏற்காட்டிலிருந்து. முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிச் சண்டை அங்கேதான் வருகிறது.

நாட்டு மக்கள்தொகையில் அரபு மக்கள் ஐந்தில் ஒரு பங்கு என்று சொல்லும் கணக்கில் கிழக்கு ஜெருசலேம்காரர்களும் அடக்கம். அவர்களில் பெரும்பாலோர் குடிமக்கள் அல்ல, நிரந்தரக் குடியிருப்பாளர்கள். மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு, நாடாளுமன்றமான க்னெஸ்ஸெட்டுக்குக் கிடையாது. மேற்குக் கரைக்காரர்களுக்கு அதுவும் இல்லை, அவர்கள் வேறு சட்டத்தின் கீழ். நீங்கள் பேசப்போவது 1948இல் இஸ்ரேல் உருவான பிறகு அதன் எல்லைக்குள் தங்கிவிட்டவர்களையும் அவர்கள் வாரிசுகளையும். அவர்களுக்குள்ளும் முஸ்லிம்கள் அதிகம், கிறிஸ்தவர்கள், ட்ரூஸ்கள் (இஸ்லாத்திலிருந்து கிளைத்த தனி மதத்தார்) உண்டு. தெற்கே நெகேவ் பாலைப்பகுதியில் இருக்கும் பெதூவின்கள் (நாடோடி மரபினர்) முஸ்லிம்கள்தான், ஆனால் அவர்கள் சிக்கல் தனி. பலர் தங்களைப் "பாலஸ்தீனர், இஸ்ரேல் குடிமகன்" என்று இரண்டும் சேர்த்தே சொல்வார்கள். "இஸ்ரேலிய அரபு" என்பது அரசு வைத்த பெயர் என்று அதை ஏற்காதவர்களும் உண்டு. இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி வையுங்கள்.

"ஓட்டு இருக்கே" என்பவருக்குப் பதில் 1949இலேயே இருக்கிறது. முதல் தேர்தலிலேயே அரபுக் குடிமக்கள் ஓட்டுப் போட்டார்கள். அதே மக்கள் பெரும்பாலும் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள், ஊர் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஓட்டுச் சீட்டும் அனுமதிச் சீட்டும் ஒரே சட்டைப் பையில். 1956 அக்டோபரில் கஃப்ர் காசிம் ஊரில் ஊரடங்கு நேரத்தை அன்றைக்கே முன்னால் தள்ளி அறிவித்தார்கள். வயலிலிருந்து அது தெரியாமல் திரும்பியவர்களை எல்லைக் காவல் படை சுட்டது, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் படிக்காமல் இன்றைய நிலை புரியாது.

---

ஐந்துரோடு எழுதியது:

நிலம், வீடு இரண்டும் என் பக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

இஸ்ரேலில் 90 விழுக்காட்டுக்கும் மேலான நிலம் அரசு வகையறா. விற்பனை அரிது, பெரும்பாலும் 49 ஆண்டுக் குத்தகை, புதுப்பித்துக்கொள்ளலாம். நம் ஊர் கணக்கில் பத்திரப் பதிவை விட நிபந்தனைப் பட்டாவுக்கு நெருக்கம் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். அதனால் "யாருக்கு மனை" என்பதில் விற்பவரும் வாங்குபவரும் மட்டும் இல்லை, நடுவில் ஒரு குழு உட்காருகிறது.

இங்கேதான் கத்ஸிர் வழக்கு. வட இஸ்ரேலின் கலிலேயாப் பகுதிக்குத் தெற்கே மலைமேல் அமைந்த குடியிருப்பு, மனை கேட்ட அரபுக் குடும்பத்துக்கு மறுத்தார்கள். 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அரசு நிலத்தை யூதர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கக் கூடாது என்றது. வெற்றிதானே? 2011இல் சேர்க்கைக் குழுச் சட்டம் வந்தது. நெகேவ், கலிலேயாப் பகுதிகளில் 400 வீடு வரையுள்ள ஊர்களில் ஒரு குழு நேர்காணல் வைத்து, "ஊரின் சமூக வாழ்வுக்குப் பொருந்தமாட்டார்", "சமூக, பண்பாட்டு இழையோடு ஒட்டமாட்டார்" என்று மறுக்கலாம். இனம், மதம் பார்க்கக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதியும் இருக்கிறது! 2014இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று சட்டம் தப்பியது. 2023இல் வரம்பை 700 வீட்டுக்கு உயர்த்தினார்கள். "அரபு வேண்டாம்" என்ற சொல் எந்தத் தாளிலும் இருக்காது. "பொருத்தம்" என்ற சொல் இருக்கும்.

"அட, இது எங்கேயோ கேட்ட மாதிரி" என்றால், ஆமாம். 2005இல் நம் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராகப் பார்சியை மட்டும் சேர்க்கலாம் என்ற விதியை ஏற்றது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவில் கடை, உணவகம், கிணறு, குளம், சாலை எல்லாம் உண்டு, வாடகை வீடு இல்லை. சேலத்தில் "டு லெட்" பலகையில் "சைவம் மட்டும்" என்று எழுதுபவருக்கு யாரையும் பெயர் சொல்லி மறுக்கத் தேவையில்லாதது இதனால்தான். எதிர்த்திசையில் ஒன்றும் வையுங்கள். 1997இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சமத்துவபுரத்தில் 100 வீட்டில் பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அரசு நினைத்தால் கலக்கவும் முடியும், பிரிக்கவும் முடியும்.

அடுத்தது கட்டட அனுமதி. நெகேவிலும் கலிலேயாவிலும் பெதூவின்களுக்கென்று அமைத்த ஊர்களைத் தவிர 1948க்குப் பிறகு புதிய அரபு ஊர் எதுவும் அமையவில்லை. பழைய ஊர்களில் மக்கள் பெருகினார்கள், திட்ட வரைபடம் விரியவில்லை. வரைபடத்துக்கு வெளியே கட்டினால் அனுமதி கிடையாது, அனுமதி இல்லாததால் இடிப்பு நோட்டீஸ். 2017இல் வந்த திருத்தம் (காமினிட்ஸ் சட்டம் என்பார்கள்) அபராதத்தை ஏற்றி, நீதிமன்றத்துக்குப் போகாமலே அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வழி செய்தது. நெகேவில் அங்கீகாரமே இல்லாத ஊர்கள் சுமார் 35. மின்கம்பி, குழாய், பதுங்கறை எதுவும் கிடையாது. பதுங்கறையை லேசாக நினைக்காதீர்கள். 2025 ஜூனில் ஈரான் ஏவுகணை விழுந்து தம்ராவில் ஒரே குடும்பத்துப் பெண்கள் 4 பேர் இறந்தார்கள். அது அங்கீகாரம் பெற்ற ஊர்தான். இருந்தும் பொதுப் பதுங்கிடம் போதவில்லை என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது.

இஸ்ரேலை யூத மக்களின் தேசிய அரசு என்று அறிவித்த 2018 தேசிய அரசுச் சட்டத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். அரபி ஆட்சிமொழி நிலையிலிருந்து "சிறப்பு நிலை"க்கு இறங்கியது, யூதக் குடியேற்ற வளர்ச்சி தேசிய விழுமியம் என்று எழுதினார்கள். 2021இல் நீதிமன்றம் 10க்கு 1 என்று அதை ஏற்றது, மாறுபட்ட அந்த ஒருவர் அரபு நீதிபதி. உங்கள் "நீதிபதியே இருக்கார்" ஆளுக்கு இந்த ஒரு வரி போதும்.

---

ஜங்ஷன்காரர் எழுதியது:

வேலை பற்றி. யூத இளைஞர்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம் (தீவிர மரபுவாதிகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது, அது தனிச் சண்டை). ட்ரூஸ் ஆண்களுக்கு 1956 முதல் கட்டாயம். மற்ற அரபு மக்களை அழைப்பதில்லை. இதில் தவறு யார் மேல் என்று வாதாடாதீர்கள், அந்த வரி எங்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று மட்டும் காட்டுங்கள். விளம்பரத்தில் "ராணுவச் சேவை முடித்தவர்" என்று போட்டால், பெயர் கேட்காமலே பெரும்பாலான அரபு விண்ணப்பங்கள் வடிகட்டப்பட்டுவிடும். சேவை முடித்தவர்களுக்குப் படிப்பு, வீட்டுக்கென்று சட்டப்படி தனிச் சலுகை.

சேலம் கோட்டம் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பிடிபடும் உதாரணம் ஒன்று. 2009இல் இஸ்ரேல் ரயில்வே, லெவல் கிராசிங் கண்காணிப்பு வேலைக்கு ராணுவச் சேவையை நிபந்தனையாக்கியது. ஏற்கெனவே அந்த வேலையில் இருந்த அரபுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்படும் நிலை. கேட்டைப் பார்த்துக்கொள்ள துப்பாக்கிப் பயிற்சி எதற்கு என்பதுதான் கேள்வி. தொழிலாளர் நீதிமன்றம் நிபந்தனையைத் தள்ளியது. வேலைக்குத் தேவையில்லாத தகுதியைக் கேட்பது 1988 சம வேலைவாய்ப்புச் சட்டத்துக்கு முரண். சட்டம் வேலை செய்யும் இடமும் உண்டு என்று காட்ட இது நல்லது.

---

வெள்ளிக்கொலுசு எழுதியது:

சேர்ந்து வாழும் பக்கத்தை யாரும் தொடவில்லையே. மருத்துவர்களில் ஏறத்தாழ கால் பங்கு, மருந்தாளர்களில் சுமார் பாதி அரபுக் குடிமக்கள். மருந்துச் சீட்டோடு போகும் யூதப் பாட்டிக்கு எதிரே வெள்ளைக் கோட்டில் நிற்பது அரபுப் பெண். இரவுப் பணியில் ஒருவர் பண்டிகைக்கு இன்னொருவர் மாற்றி நிற்பது வழக்கமான ஏற்பாடு. இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் மருத்துவமனைகளில்தான் மகப்பேறு வார்டில் யூதத் தாய்க்கும் அரபுத் தாய்க்கும் தனித்தனி அறை ஒதுக்குவதாக 2016இல் பெரிய சர்ச்சை. "விதி அல்ல, தாய்மார் கேட்டால் கொடுக்கிறோம்" என்ற மாதிரி விளக்கம் வந்தது. அப்போது எம்.பி.யாக இருந்த பெஸலேல் ஸ்மோட்ரிச் பிரித்து வைப்பதை வெளிப்படையாகவே ஆதரித்து எழுதினார். நாடி பிடிக்கும் கை சரி, பக்கத்துக் கட்டில் ஆகாது.

பள்ளியில் அரசு நிர்வாகமே தனித்தனிக் கிளை. கலந்து படிக்க வேண்டுமானால் 1998இல் தொடங்கிய "கைகோத்து" (எபிரேயத்தில் யாத் பெயாத்) மாதிரிப் பள்ளிகள், கைவிட்டு எண்ணலாம். ஒரு வகுப்புக்கு எபிரேயம் பேசும் ஆசிரியர் ஒருவர், அரபி பேசுபவர் ஒருவர். எங்கே கோளாறாகிறது தெரியுமா? இடைவேளையில். அரபுக் குழந்தைக்கு எபிரேயம் தண்ணீர் பட்ட பாடு, யூதக் குழந்தைக்கு அரபி தட்டுத் தடுமாறும், ஆகவே விளையாட்டு மொழி எபிரேயமாகிவிடும். நம் பிள்ளைகள் தமிழ் தெரியாத ஒரே ஒருவர் குழுவில் இருந்தால் மொத்தப் பேரும் ஆங்கிலத்துக்கு மாறுவார்களே, அதே. இன்னொரு முடிச்சு ஏப்ரல், மே வாக்கில். யூதர்களுக்குச் சுதந்திர நாள், அரபுகளுக்கு நக்பா (பேரழிவு, 1948இல் வீடும் ஊரும் இழந்ததன் நினைவு). இரண்டையும் ஒரே காலையில் எப்படி நினைவுகூர்வது என்று பள்ளிகள் ஒவ்வொரு ஆண்டும் திட்டம் போடும். 2014இல் ஜெருசலேம் பள்ளியின் வகுப்பறைக்கே தீ வைத்தார்கள்.

---

குகை வாசகன்:

அருமை. அப்போ இரட்டைக் குவளை ஒப்பீட்டைத் தூக்கிடலாமா? இதையெல்லாம் நடித்துக் காட்ட வழி இருந்தா சொல்லுங்க.

---

ஐந்துரோடு:

தூக்க வேண்டாம், எங்கே ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டு வையுங்கள். இரட்டைக் குவளை டீக்கடையில், கண்முன்னே. இஸ்ரேலில் 2000 ஆண்டுச் சட்டப்படி கடை, நீச்சல் குளம், நடன அரங்கில் இனம் பார்த்து மறுத்தால் நட்டத்தை நிரூபிக்காமலே 50,000 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) வரை இழப்பீடு கேட்கலாம். டீ ஒரே குவளையில்தான். தூரம் வேறு, மனையிலும் வரைபடத்திலும். இன்னொன்று, தீண்டாமைக்குப் பின்னால் இருப்பது பிறப்பும் தீட்டும், அங்கே பின்னால் இருப்பது முடியாத ஒரு தேசியப் போர். 2021 மேயில், இரு சாராரும் கலந்து வாழும் லோத் நகரில் ஒரே அடுக்கு மாடியில் இருந்தவர்கள் எதிரெதிரே நின்றது அந்தப் போரின் நிழலில்தான். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் பெதூவின் குடிமக்களும் கொல்லப்பட்டார்கள், பிணைக்கைதியாகப் போனார்கள். அதன் பிறகு முகநூல் பதிவுக்காக அரபு மாணவர்கள் மேல் நடவடிக்கை. சாதியில் இந்த அச்சக் கணக்கு இப்படி வராது.

---

மலைப்பாதை20:

நடிப்புக்கு ஒரு முறை. நாலு கவுண்டர் போடுங்கள்: மருந்துக்கடை, வாடகை வீடு, வேலை, மலையூர் மனை. கவுண்டருக்கு 2 பேர், மொத்தம் 8. ஆறு அட்டைகள், அட்டைக்கு 2 பேர், 12. மீதி 5 பேர் குறிப்பெடுப்பவர்கள். அட்டையில் பெயர், ஊர், படித்த பள்ளி, சேவை முடித்தாரா என்ற நாலே வரி. மதம் எழுதாதீர்கள், ஊர் போதும். "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று நம் வீட்டுக்காரர் கேட்பதில் என்ன கேட்கிறார் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

கவுண்டர்காரருக்கு ஒரே கட்டுப்பாடு. அவர் கையில் உள்ள விதித்தாளில் இருக்கும் சொல்லால் மட்டுமே மறுக்க வேண்டும். இது இல்லாவிட்டால் கெடும். ஆளாளுக்கு சினிமா வில்லனாகி "அரபு உள்ளே வராதே" என்று கத்துவார்கள், பார்ப்பவர்கள் சிரித்துவிட்டு, கெட்டவன் ஒருவனால் வந்த வினை என்று எழுந்து போவார்கள். விதித்தாள் இருந்தால் மறுப்பவரே மரியாதையாகப் பேசுவார், அதுதான் உறைக்கும். கவுண்டருக்கு 7 நிமிடம், நகர 2 நிமிடம், ஆக 36. அடுத்த 10 நிமிடம் குறிப்பெடுத்தவர்கள், எந்தச் சொல்லால் யார் திரும்பினார் என்று அட்டவணை வாசிக்கட்டும். ஆறு அட்டையில் ஒன்று ட்ரூஸ், சேவை முடித்தவர். வேலைக் கவுண்டரில் நுழைந்துவிடுவார், மனைக் கவுண்டரில் மாட்டிக்கொள்வார். அதுவே உங்கள் பேச்சின் நடுப்பகுதி.

---

குகை வாசகன்:

அச்சுக்கு அனுப்பப் போறேன். ஊர்ப் பெயர்களாக நாசரேத், சக்னின், ரஹத், கார்மியேல், டெல் அவிவ், ஜெனின் எழுதியிருக்கேன்.

---

வெள்ளிக்கொலுசு:

ஜெனினை எடுத்துடுங்க, அது மேற்குக் கரை. அந்த இடத்தில் உம் அல்ஃபஹம் போடுங்க. ட்ரூஸ் அட்டைக்கும் ஊர் வேணும், டெல் அவிவை எடுத்துட்டு தாலியத் அல்கர்மல் எழுதுங்க. ரஹத் அட்டையை அச்சிடும்போது பள்ளி வரியை விட்டுடாதீங்க, மனைக் கவுண்டரில் அதையும் கேட்பாங்க.